எதிலிருந்து எடுத்தது?

அப்பா தறி நெய்த காலத்தில் எங்கள் வீட்டில் பாட்டை நிமிஷத்தில் அளக்க மாட்டோம்; ஊடையில்தான் அளப்போம். "இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள நூத்தி எண்பத்தஞ்சு ஊடை போட்டுடலாம்" என்பார் அப்பா. ஒரு ஊடை என்றால் நாடா பாவின் குறுக்கே ஒரு முறை ஓடி, பலகை ஒரு முறை இழுத்து அடிக்கப்படுவது. நிமிஷத்துக்கு நாற்பது ஊடை அவருடைய கை வேகம். பிடித்த பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு அவர் கையில் இருந்தது. அதை அவர் எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

போளூரில், சம்பத்கிரி மலை தெரிகிற தெருவில் எங்கள் வீடு. மலைமேல் நரசிம்மர், கீழே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். எங்கள் கூடத்தின் நடுவில் குழித்தறி. அப்பா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். வலது கை கயிற்றை இழுக்கும், நாடா ஓடும். இடது கை பலகையை அடிக்கும். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி ஏறி இறங்கும். ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்கு நெய்தார். பாவும் ஊடைப் பட்டும் சரிகையும் அங்கிருந்து வரும். சேலை முடிந்ததும் மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, களம்பூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஆரணிக்கு எடுத்துப் போவார். ஊடை நூலைத் தாரில் சுற்றித் தருவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டையின் முன் உட்கார்ந்துவிடுவேன்.

தறிக்குப் பக்கத்துச் சுவர்ப் பிறையில் ரேடியோ இருந்தது. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் பேசுவது கடலைத் தாண்டி எங்கள் கூடத்துக்கு வந்து சேரும். மத்திய அலை அது. ஏறத்தாழ ஐந்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிற மெல்லிய ஒலிகள் அதில் வராது. போதாததற்கு அலை அடங்கும், எழும்பும், இரைச்சல் சேரும். அதன்மேல் தறியின் டக்டக். அதற்குள்ளேதான் நாங்கள் பாட்டுக் கேட்டோம். அப்பாவுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை, பாட்டு மட்டும்தான் விழும். வயலின் எந்த இடத்தில் நுழைகிறது, தபேலா எங்கே நிற்கிறது என்று நாடாவை ஓட்டிக்கொண்டே சொல்வார்.

நான் ஏழாவது படிக்கும்போது, 1986-இல், டேப் ரிக்கார்டர் வந்தது. அதோடு பஜாரில் இருந்த ரெக்கார்டிங் கடையும் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. பத்துக்கு எட்டு அறை. சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள். எக்கோ, இன்ரெகோ, எச்.எம்.வி. என்று கம்பெனி வாரியாக அடுக்கியிருப்பார் கடைக்கார அண்ணன். நாம் ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். 90 நிமிஷ கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். பத்துப் பாட்டு பிடிக்கும். இரண்டு நாள் கழித்துப் போனால் கேசட் தயாராக இருக்கும். இன்றைக்குப் போனில் நாம் போடுகிற பாட்டுப் பட்டியலை அன்றைக்கு அண்ணன் கையால் செய்து கொடுத்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பார். ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்ன திருகு ஒன்று உண்டு. பாட்டை ஓடவிட்டு, காதை ஸ்பீக்கரிடம் வைத்துக்கொண்டு, அந்தத் திருகைக் கால் சுற்று அரைக்கால் சுற்றுத் திருப்புவார். மூடிக் கிடந்த ஒலி திறந்துகொள்ளும். "கேசட்டுல நாடா ஒரு செகண்டுக்கு அஞ்சு சென்டிமீட்டர் கூட ஓடாது பாப்பா. ஸ்டுடியோவுல முப்பத்தெட்டு சென்டிமீட்டர் ஓடும். அங்க அவ்வளவு எடத்துல எழுதினத இங்க இத்தினியூண்டு எடத்துல எழுதணும். நாம கொஞ்சம் அசந்தாலும் போச்சு" என்பார். அவர் சொன்னது சரியான கணக்கு. கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான்.

அண்ணனிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. கேசட் அட்டையில் பாட்டின் பெயரை நீல மையில் எழுதி, பக்கத்திலேயே சிவப்பு மையில் 'எல்.பி.' என்றோ 'கே.' என்றோ ஒரு குறிப்புப் போடுவார். ரெக்கார்டிலிருந்து நேராக எடுத்திருந்தால் 'எல்.பி.'; ரெக்கார்டு கிடைக்காமல் வேறொரு கேசட்டிலிருந்து எடுத்திருந்தால் 'கே.'. நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், மெல்லிய ஒலி தேயும். வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பாவிடம் ஒரு நாள் சொன்னார்: "எந்தச் சரிகைன்னு சொல்லாம சேலை விக்கிறதும், எதுலேர்ந்து எடுத்ததுன்னு சொல்லாம பாட்டு குடுக்கறதும் ஒண்ணுதாங்க."

அப்பாவுக்கு அந்தப் பேச்சு அவ்வளவு பிடித்துப்போனது. சரிகையின் தரம் பார்க்க அவரிடம் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு இழையை எடுத்து நகத்தால் கீறிப் பிரிப்பார். நல்ல சரிகை என்றால் உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல் இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, பொன்முலாம் பூசியிருப்பார்கள். மேலே மின்னுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது, உள்ளே இருக்கிற நூலைப் பார்த்தால்தான் தெரியும். அண்ணனின் சிவப்பு மையை அப்பா அப்படித்தான் பார்த்தார்.

கேசட் காலம் முடிந்து சி.டி. வந்தபோது நான் வங்கி வேலைக்காகச் சென்னைக்குப் போயிருந்தேன். 1982-இல் வெளிவந்த சி.டி. எங்கள் வீட்டுக்கு வந்து சேரப் பதினெட்டு வருஷம் ஆனது. ஒலியை எப்படி எண்ணாக மாற்றுகிறார்கள் என்று அப்பா கேட்டார். அதை விளக்க எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை, அவர் தலைக்கு மேலேயே விளக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் கொக்கி அந்த இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் இழை கிடந்தபடியே கிடக்கும். துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சேதியை வைத்து மயிலும் மாங்காயும் சேலையில் வருகின்றன. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் முடித்த வேலை அது. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே அதன் கணக்கு தறியில் ஓடிக்கொண்டிருந்தது. சி.டி.யும் அப்படித்தான். ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 இடங்களில் உண்டு, இல்லை என்று குறித்து வைக்கிறது. இரண்டு பக்க ஒலிக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ். இந்த அளவீடு அதற்கும் கொஞ்சம் மேலே வரைக்கும் முழுதாகப் பிடித்துவிடும்.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நம்ம வேலைதான் அதுவும்."

பிறகு எம்பி3. 2003-இல் ஊருக்குப் போனபோது ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கிய சி.டி. ஒன்றை வாங்கிப் போனேன். 128 கிலோபிட்டில் பதிந்தது. சி.டி.யில் இருக்கிற சேதியில் பதினொன்றில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது. மீதிப் பத்துப் பங்கு எங்கே போனது? அதற்கும் விளக்கம் தறியிலேயே உண்டு. பலகை 'டக்' என்று அடிக்கிற கணத்தில், அதை ஒட்டி வருகிற மெல்லிய சத்தம் எதுவும் காதில் விழாது. பெரிய ஒலி சின்ன ஒலியை மறைத்துவிடும். மறைந்து போகிற ஒலியை எதற்காக எழுதி வைக்க வேண்டும் என்று ஜெர்மனியில் பிராண்டன்பர்க் முதலான ஆராய்ச்சியாளர்கள் யோசித்ததில் பிறந்ததுதான் எம்பி3. எதை வீசலாம், எதை வீசக் கூடாது என்று சரிபார்க்க, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் சுசான் வேகா பாடிய பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தனிக்குரலில் பிழையை ஒளிக்க இடம் கிடையாது.

அப்பா அந்தச் சி.டி.யை ஒரு வாரம் கேட்டார். அப்புறம் பழைய கேசட்டுகளையே எடுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "ஜால்ரா சத்தம் தண்ணியில நனைஞ்ச மாதிரி கீது" என்றார். குறைந்த பிட்டில் பதிந்த எம்பி3-இல் முதலில் கெடுவது தாளத்தட்டுகளின் ஒலிதான் என்று பின்னாளில் படித்தேன். வாழ்நாள் முழுக்கப் பலகைச் சத்தத்துக்கு அடியில் பாட்டைத் தேடி எடுத்துக் கேட்ட காது அது. 'இதெல்லாம் எப்படியும் கேட்காது' என்று வீசிய இடத்திலேயே அந்தக் காது போய் நின்றது.

அப்பா 2012-இல் தறியை நிறுத்தினார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குழியைப் பலகை போட்டு மூடினோம். கூடம் பெரிதானது, வீடு சத்தமில்லாமல் ஆனது. அதற்குப் பிறகுதான் அவருக்குப் பாட்டு இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் தெருவில் எல்லார் கையிலும் பாட்டு ஓடத் தொடங்கியது. பாட்டுச் செயலிகளில் கானா 2010-இலிருந்தே இருந்தது. ஆப்பிள் மியூசிக் 2015-இல் வந்தது. சாவனும் ஜியோ மியூசிக்கும் சேர்ந்து 2018 கடைசியில் ஜியோசாவன் ஆனது. 2019 பிப்ரவரியில் ஸ்பாடிஃபையும் மார்ச்சில் யூடியூப் மியூசிக்கும் வந்தன. எதற்குச் சந்தா கட்டுவது என்ற கேள்வி வந்தபோது, 'ஒலி எதில் நன்றாக இருக்கிறதோ அதை அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாம்' என்று முடிவு செய்தேன். கணக்கு வழக்கில் வளர்ந்தவள் ஆகையால் எண்களிலிருந்து தொடங்கினேன்.

யூடியூப் மியூசிக்கின் உச்சம் 256 கிலோபிட். ஜியோசாவன் சந்தாதாரர்களுக்கு 320. ஸ்பாடிஃபையின் பழைய உச்சமும் 320. ஆப்பிள் வெகுகாலம் 256-இல் இருந்துவிட்டு, 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் ஒலியைக் கொடுத்தது. லாஸ்லெஸ் என்றால் ஒரு துளியும் வீசாமல் சுருக்குவது. சி.டி. தரத்தில் தொடங்கி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அதில் போகிறது. ஸ்பாடிஃபை 2021 பிப்ரவரியில் வாக்குக் கொடுத்ததை 2025 செப்டம்பரில்தான் நிறைவேற்றியது. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரை.

இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தப்பு என்று சீக்கிரமே புரிந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் சுருக்குகிறது. ஆப்பிளும் யூடியூப்பும் ஏஏசி, ஸ்பாடிஃபை ஆக் வோர்பிஸ். பிந்தி வந்த இந்த முறைகள் எம்பி3-ஐவிடக் கெட்டிக்காரத்தனமானவை; 256-இல் அமைந்த ஏஏசி, 320-இல் அமைந்த எம்பி3-க்கு இளைத்ததில்லை. மெல்லிய இழைப் பட்டையும் பருத்த இழைப் பட்டையும் எடையை மட்டும் வைத்துத் தரம் பிரிக்க முடியுமா?

டேட்டாக் கணக்கும் உண்டு. மூன்று நிமிஷப் பாட்டு ஒன்று வழக்கமான உயர்தரத்தில் சுமார் 6 எம்பி, லாஸ்லெஸ்ஸில் 36 எம்பி, அதன் உச்சத்தில் 145 எம்பி என்கிறது ஆப்பிள். நாளுக்கு ஒன்றரை ஜிபி போட்டுக்கொள்கிறவர் அந்த உச்சத்தில் பத்துப் பாட்டுக் கேட்டால் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அவ்வளவு செலவழித்து இறக்கியதைச் சாதாரண புளூடூத் இயர்போனில் கேட்டால் செலவு வீண். புளூடூத் தன் பங்குக்கு மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும். எல்டிஏசி என்ற நல்ல வகையிலேயே உச்சம் 990 கிலோபிட். சி.டி.யின் 1,411 அந்த வழியில் நுழையாது. லாஸ்லெஸ் முழுதாக வேண்டுமென்றால் ஒயர் வைத்த ஹெட்போன்தான் நிச்சயமான வழி. இப்போது வரும் பல போன்களில் அதற்கான துளை இல்லாததால் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன மாற்றியும் வாங்க வேண்டும்.

இவ்வளவையும் வாங்கிக்கொண்டு இந்தப் பொங்கலுக்குப் போளூர் போனேன். என் மகனும் வந்தான். காணும் பொங்கலன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், மூடிய தறிக்குழிமேல் பாய் விரித்து உட்கார்ந்தோம். மகன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை வைத்திருந்தான். ஒரே பாட்டை இரண்டு தரத்தில் மாற்றி மாற்றிப் போடுவான், எது எது என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஒலியின் அளவை முதலில் சமப்படுத்திக்கொண்டோம். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். அதைச் சரி செய்யாமல் செய்கிற ஒப்பீடு எல்லாம் பொய். செயலிகளில் சத்தத்தைத் தானாகச் சமன் செய்கிற வசதி ஒன்று இருக்கிறது. அதையும் நிறுத்தி வைத்தோம்.

96 கிலோபிட்டுக்கும் 320-க்கும் இருபது முறை கேட்டதில் பதினெட்டு முறை நான் சரியாகச் சொன்னேன். 320-க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் பதினொரு முறைதான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே பத்து வரும். ஆக, 320-ஐத் தாண்டிய பிறகு என் காதுக்கு வித்தியாசம் இல்லை என்பதை ஒத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. வேலூரில் காது டாக்டரிடம் எடுத்த பரிசோதனைத் தாள் வீட்டில் இருக்கிறது. நாலாயிரம் ஹெர்ட்ஸிலிருந்து கோடு சரிந்துகொண்டே போய், எட்டாயிரத்தில் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. வயதும் காரணம், ஐம்பது வருஷத் தறிச் சத்தமும் காரணம். லாஸ்லெஸ் காப்பாற்றி வைக்கிற மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் அவர் காதுக்கு எட்டாதவை. அது தெரிந்துதான் அவர் தலையில் ஹெட்போனை மாட்டினேன். அவருக்குப் பிடித்த நூற்றி எண்பத்தஞ்சு ஊடைப் பாட்டையே போடச் சொன்னேன். முதலில் 320, அப்புறம் லாஸ்லெஸ்.

இரண்டையும் முழுசாகக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டும் தப்பு."

"இன்னாப்பா தப்பு?"

"சுதி ஏறிகீது. அவசரமா பாடறாங்க. இன்னொரு வாட்டி போடு பாப்பா."

மறுபடி போட்டேன். இந்த முறை அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மேலே போய் இல்லாத கயிற்றைப் பிடித்தது. இடது கை இல்லாத பலகைமேல் படிந்தது. மூடிய குழிமேல் கால் ஒன்று மாற்றி ஒன்று அழுந்தியது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார். "நூத்தி எழுபத்தஞ்சுதான் வருது. பத்து ஊடை எங்க?"

மகன் என்னைப் பார்த்தான். பதினான்கு வருஷமாகத் தறி நெய்யாத கை அது. வயதில் கை வேகம் மாறியிருக்கலாமே என்று அவன் மெல்லச் சொன்னான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கேசட்டைப் போட்டுப் பார்த்தால் தெரியுமா என்றால், அந்தப் பழைய டேப்பின் வேகத்தையே நம்ப முடியாது. ரெக்கார்டைத்தான் பார்க்க வேண்டும். அப்பாவே வழி சொன்னார்: "ரெக்கார்டிங் கடைக்காரர் வீட்டுக்குப் போவோம்."

கடை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணனுக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் ரெக்கார்டுகள் ஒன்றுகூட எங்கேயும் போகவில்லை. மர பீரோவில், புத்தகம்போல் நிமிர்த்தி வைத்து, தூசி படாமல் வேட்டித் துணி போட்டு மூடியிருந்தார். நாங்கள் சொன்ன படத்தின் எல்.பி.யை இரண்டே நிமிஷத்தில் எடுத்தார். உறையிலிருந்து உருவி, விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவருடைய டர்ன்டேபிளின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். தட்டு சுழலும்போது பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். அந்த விளக்கு நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் கணக்கில் துடிக்கிறது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று என்ற சரியான வேகத்தில் தட்டு சுழன்றால், ஓடுகிற புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அண்ணன் வேகத் திருகைத் தொட்டுத் தொட்டுப் புள்ளிகளை நிறுத்தினார். ஹெட்டுக்குப் பக்கத்தில் திருகைத் திருப்பிய அதே விரல்கள்.

ஊசி இறங்கியது. மகன் போனில் நேரம் பார்த்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்ணினார்.

ரெக்கார்டில் 4 நிமிஷம் 38 நொடி. செயலியில் 4 நிமிஷம் 22 நொடி. அப்பா சொன்ன எண் நூற்றி எண்பத்தஞ்சு.

பதினாறு நொடி வித்தியாசம் என்றால் ஆறு சதவீத வேகம் கூடியிருக்கிறது. ஆறு சதவீதம் கூடினால் பாட்டு மொத்தமும் அரைச்சுரம் மேலே ஏறிவிடும். பாடகருடைய குரல் சிறுத்துவிடும், புல்லாங்குழல் வேறு குழலாகிவிடும். எங்கேயோ ஒருவர் பழைய ஒலிநாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அது வேகமாக ஓடியிருக்கிறது. யாரும் கவனிக்காமல் அதுவே பாட்டாக ஊர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. லாஸ்லெஸ் என்ற முத்திரையும் அதன்மேல் விழுந்துவிட்டது. அந்த முத்திரை பொய் சொல்லவில்லை. கையில் கொடுத்ததை ஒரு துளி குறையாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. பிழையையும் ஒரு துளி குறையாமல்.

அன்று ராத்திரி மகனும் நானும் உட்கார்ந்து அந்தப் பாட்டின் பிரதிகளை எல்லாம் தேடினோம். ஐந்து கிடைத்தன. படத்தின் பெயரில் இருந்தது வேகம் கூடியது. ஒரு தொகுப்பில் இருந்ததில் இடது வலது பிரிவே இல்லை, எல்லாம் நடுவில் வந்து குவிந்திருந்தது. இன்னொன்றில் புதிதாக எதிரொலி சேர்த்து, கிணற்றுக்குள் பாடுவதுபோல் ஆக்கியிருந்தார்கள். நான்காவதில் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று சலங்கையையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். ஐந்தாவது ஒரு பழைய காதல் பாட்டுத் தொகுப்பின் கடைசியில் கிடந்தது. சுமாரான அட்டைப்படம், 256 கிலோபிட், எந்த முத்திரையும் இல்லை. 4 நிமிஷம் 38 நொடி. இலேசான நாடா இரைச்சலோடு, வயலின்கள் இடதும் வலதுமாகப் பிரிந்து, குரல் நடுவில் அதற்குரிய இடத்தில் நின்றது. காலையில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினோம். முதல் பத்து நொடியிலேயே தலையை ஆட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தச் செயலி நல்லது என்று என்னை யாராவது கேட்டால் நான் கிலோபிட்டிலிருந்து தொடங்குவதில்லை. 256-இலும் அதற்கு மேலும் எல்லாச் செயலிகளும் என் காதுக்கும் பெரும்பாலானவர் காதுக்கும் போதுமான ஒலியைத்தான் கொடுக்கின்றன. நல்ல ஹெட்போனும் அமைதியான அறையும் இளம் காதும் உள்ளவர்களுக்கு லாஸ்லெஸ் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அவர்கள் கட்டாயம் வாங்கிக் கேட்கட்டும். ஆனால் ஒரு பாட்டின் தரத்தில் முக்கால் பங்கு, அது நம் போனுக்குக் கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஸ்டுடியோவின் மூல நாடாவிலிருந்து எடுத்தார்களா, எல்.பி.யிலிருந்தா, கேசட்டிலிருந்தா? வேகத்தைப் பார்த்தார்களா? யார் காது கொடுத்துக் கேட்டார்கள்?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பதிவான நம் பாட்டுகளுக்கு இந்தக் கேள்வி உயிர்ப்பிரச்சினை. ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டைமேல் இரும்புத்துரு பூசிய பொருள். ஈரமும் வெப்பமும் அதைத் தின்னும். நம் ஊர் வெயிலில் நாற்பது ஐம்பது வருஷம் கிடந்த நாடாக்களில் எத்தனை இன்னும் ஓடும்? மூலம் அழிந்துபோனால், கையில் மிஞ்சியிருக்கிற பிரதிதான் இனி மூலம். அது ஆறு சதவீதம் வேகமாக ஓடிய பிரதியாக இருந்தால், நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் பாடப்பட்டது என்று ஆகிவிடும். அந்தப் பாடகர் அந்தச் சுருதியில் ஒரு நாளும் பாடியதில்லை என்று சொல்ல அப்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பாட்டின் பெயருக்குக் கீழே இத்தனை பிட், இத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று எழுதுகிற இடத்திலேயே இன்னும் ஒரு சொல். எதிலிருந்து எடுத்தது என்று. பஜாரில் பத்துக்கு எட்டு அறையில் ஒற்றை ஆளாகக் கடை நடத்தியவர், ஒவ்வொரு கேசட்டுக்கும் அதை எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கான பாட்டுகளை வைத்திருக்கிறவர்களாலும் அது முடியும்.

அவர்கள் எழுதுகிற வரைக்கும் நாங்கள் எழுதுகிறோம். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். பாட்டின் பெயர், எந்தச் செயலி, எந்தத் தொகுப்பில் இருக்கிற பிரதி, எவ்வளவு நேரம் என்று நீல மையில் எழுதுகிறேன். முதலில் அப்பா எண்ணிப் பார்ப்பார். அவர் சந்தேகப்பட்டால் மகன் அண்ணன் வீட்டுக்குப் போய் ரெக்கார்டின் நேரத்தைக் குறித்து வருவான். சரியாக இருந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் 'எல்.பி.' என்று எழுதுகிறேன். மாதத்துக்கு இரண்டு சனி ஞாயிறு இதற்காகவே போளூருக்கு வருகிறேன். அப்பா கொடுத்த பட்டியலில் இருநூறுக்கு மேல் பாட்டு இருக்கிறது.

நேற்று நாற்பத்து மூன்றாவது பாட்டைப் போட்டோம். தெருவில் பால்காரர் மணி அடித்தார். என் மகன் எழுந்து போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான். அப்பா எண்ணிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.